மைலோமாவுக்கான மூன்று மருந்துகள்: எந்தத் தொல்லை எதனுடையது?

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக இன்று பரவலாக எழுதித்தரப்படுவது லெனாலிடோமைடு, போர்டெசோமிப், டெக்ஸாமெத்தசோன் என்ற மூன்று மருந்துகளின் தொகுப்பாகும். வசதியும் காப்பீடும் உள்ளவர்களுக்கு டாராட்டுமுமாப் என்ற நான்காவது மருந்தும் இப்போது சேர்க்கப்படுகிறது. லால்குடியில் எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு அது தரப்படவில்லை என்பதால் அதைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. மற்ற மூன்றையும் அருகிலிருந்து எடுத்துக்கொடுத்தவள் என்ற முறையில், அவை தந்த பலனைவிட அவை தந்த தொல்லைகளைப் பற்றியே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பலனை மருத்துவர் ரத்த அறிக்கையைக் காட்டி விளக்கிவிடுவார். தொல்லைகளோடு குடித்தனம் நடத்துபவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துகள் வேலை செய்கின்றன. மாமியாரின் ரத்தத்தில் இருந்த, மைலோமா அணுக்கள் சுரக்கும் எம் புரதம் படிப்படியாகக் குறைந்தது, முதுகுவலி தணிந்தது, அவர் மீண்டும் தானே எழுந்து குளிக்கத் தொடங்கினார். தொல்லைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு: ஒன்றுக்கு நேரத்தை மாற்ற வேண்டும், ஒன்றுக்கு அளவைக் குறைக்க வேண்டும், ஒன்றுக்கு இன்னொரு சிறிய மருந்தைச் சேர்க்க வேண்டும். ஆனால் எந்தத் தொல்லை எந்த மருந்தினுடையது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் மருத்துவரால் அந்த மாற்றைச் செய்ய முடியும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் அதற்கு உதவாது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், அரிப்பையும் மாரடைப்பையும் ஒரே மூச்சில் அடுக்கியிருக்கும் அந்தத் தாளைப் படிப்பவர் ஒன்று பயந்து மருந்தை நிறுத்துவார், அல்லது எல்லாம் எழுதியிருப்பதுதானே என்று அபாய அறிகுறியையும் பொறுத்துக்கொள்வார். எங்களுக்குச் சிகிச்சை தந்த இடத்தில் கொடுத்த அச்சிட்ட தாளும் மூன்று மருந்துகளின் விளைவுகளையும் ஒன்றாகக் கலந்தே பட்டியலிட்டிருந்தது.

முதலில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு. மூன்றில் இதுதான் விலை குறைந்தது, பழையது, எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பது. வீட்டை அதிகமாக ஆட்டிவைத்ததும் இதுதான். வாரத்துக்கு ஒரு நாள், 40 மி.கி., அதாவது 4 மி.கி. மாத்திரைகள் பத்து. எங்கள் வீட்டில் அந்த நாள் புதன்கிழமை. காலை இட்லி சாப்பிட்ட கையோடு பத்தையும் விழுங்கினால், மாலைக்குள் முகம் சிவந்து, பேச்சு வேகமெடுத்து, ஒரு நாளும் இல்லாத பசி வந்துவிடும். இரவில் தூக்கம் அறவே இராது. நள்ளிரவு தாண்டி சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனால், பரணில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் இறக்கிவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். "ஏம்மா, இந்த மாத்திரையைத் தினம் குடுத்தா நான் நடவுக்கே போயிடுவேன் போலிருக்கே" என்று வியாழக்கிழமை சிரித்தவர், வெள்ளி மாலையிலிருந்து ஆளே மாறிவிடுவார். கை கால் சோர்ந்து, காரணமில்லாமல் கண் கலங்கி, சனிக்கிழமை முழுவதும் கட்டிலை விட்டு எழமாட்டார். நோய் முற்றிவிட்டது என்று உறவினர்கள் அஞ்சியது இந்தச் சனிக்கிழமைகளில்தான். உண்மையில் அது ஸ்டெராய்டு உடலைவிட்டு இறங்கும் சோர்வு. ஞாயிறு பிற்பகலுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். இந்த வாரக் கணக்கு பிடிபட்ட பிறகு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை வியாழனில் வைத்துக்கொண்டோம், சனிக்கிழமை யாரையும் வரச் சொல்லவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை தனிக் கவனம் கேட்கும். காலை வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு ஓரளவுக்குச் சரியாகவே இருக்க, புதன் மதியத்துக்கு மேல் அது 300-ஐத் தாண்டும். காலை அளவை மட்டும் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு விஷயமே தெரியாது. மாத்திரை நாளன்றும் மறுநாளும் மாலையில் ஒரு முறை விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் சர்க்கரை மருந்தைக் கூட்டிக்கொள்ளும் முறை உண்டு, அதை அவர்தான் எழுதித்தர வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான மாத்திரையும் இதனோடு சேர்ந்தே வரும். விக்கல் வரும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் நிற்காத அந்த விக்கலும் இந்த மருந்தின் வேலைதான். தொடைத் தசை மெலிந்து தரையிலிருந்து எழச் சிரமப்படுவது மாதங்கள் கழித்துத் தெரியும். கண்ணில் புரை வளர்வது அதற்கும் பிறகு.

இந்த அளவே பழைய அளவோடு ஒப்பிட்டால் குறைவு என்பதை நோயாளிகள் தெரிந்துகொள்வது நல்லது. முன்பெல்லாம் இதே 40 மி.கி.யை மாதத்தில் 12 நாட்கள் கொடுப்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணிபுரியும் வின்சென்ட் ராஜ்குமார் தலைமையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, லெனாலிடோமைடுடன் அந்தப் பழைய அளவையும் வாரம் ஒரு முறை அளவையும் ஒப்பிட்டது. அதிக அளவு பெற்றவர்களிடம் புற்றுநோய் விரைவாகச் சுருங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் அதிக அளவுப் பிரிவில் 87 சதவீதம், குறைந்த அளவுப் பிரிவில் 96 சதவீதம். மருந்தைக் கூட்டினால் நோய் சீக்கிரம் போகும் என்று நினைக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மி.கி.யோடு தொடங்குவதே வழக்கம். வயது குறைந்தவர்களுக்கும் தூக்கமின்மையும் எரிச்சலும் தாங்க முடியாமல் போனால் அளவைக் குறைக்கவோ இரண்டு நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கவோ மருத்துவர்கள் தயங்குவதில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களைக் கேட்காமல் நாமாக நிறுத்துவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது போர்டெசோமிப். இது வயிற்றுத் தோலுக்கு அடியில், வாரம் ஒரு முறையோ இரு முறையோ போடப்படும் ஊசி. குத்திய இடம் இரண்டு மூன்று நாட்கள் சிவந்து தடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போட்டால் பெரிய தொந்தரவில்லை. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தைத் தொடக்கத்தில் ரத்தக் குழாய் வழியாகவே ஏற்றினார்கள். தோலுக்கு அடியில் போட்டாலும் அதே பலன் கிடைக்கிறது, நரம்புப் பாதிப்பு குறைகிறது என்பதை 2011-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது: ரத்தக் குழாய் வழியாகப் பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கும், தோலடியில் பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும் அந்தப் பாதிப்பு வந்தது. உங்களுக்கு இன்னும் ரத்தக் குழாயில்தான் ஏற்றுகிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

நரம்புப் பாதிப்பு என்பது தாளில் ஒரு சொல். வீட்டில் அது எப்படித் தெரியும் என்பதை எழுதுகிறேன். முதலில் கால் விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், குளிர்ந்த தரையில் கால் வைத்தால் எரியும். அதற்குப் பிறகு உணர்வு மங்கும். மாமியார் வாசலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது; மற்றொன்று வழியில் கழன்று கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. ரவிக்கையின் ஊக்குகளைக் கண்ணாடியைப் பார்த்தே மாட்ட முடிந்தது, விரலுக்கு அவை தட்டுப்படவில்லை. "வயசானா இப்படித்தான், சர்க்கரை வேற" என்று அவரே இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார். இந்தச் சமாதானம் ஆபத்தானது. குத்தலும் மரத்துப்போவதும் இருக்கும் கட்டத்திலேயே சொன்னால் ஊசியின் அளவைக் குறைப்பார்கள், வாரம் இரண்டை ஒன்றாக்குவார்கள். பலருக்குப் பாதிப்பு நாளடைவில் குறையவும் செய்யும். வலியும் தள்ளாட்டமும் வரும்வரை பொறுத்துக்கொண்டால், பிறகு மருந்தை நிறுத்தினாலும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் சர்க்கரையால் ஏற்கெனவே கால் மரத்துப்போனவர்கள் ஏராளம் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே கால் எப்படி இருந்தது என்று மருத்துவரிடம் பதிவு செய்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் எது பழையது, எது மருந்தால் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போர்டெசோமிப் எடுப்பவர்களுக்கு அக்கி எளிதில் வரும் என்பதால் அசைக்ளோவிர் மாத்திரையைச் சேர்த்தே எழுதுவார்கள். சீட்டில் அது இல்லாவிட்டால் விடுபட்டுவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். பச்சைத் தேயிலை குடித்தால் புற்றுநோய் போகும் என்று கைபேசியில் வரும் செய்திகளை நம்பி யாரும் அதை வாங்கிவர வேண்டாம். அதிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைக் கெடுப்பதை 2009-இல் ஆய்வகத்தில் கண்டறிந்திருக்கிறார்கள்.

இனி லெனாலிடோமைடு. தொகுப்பின் நடுநாயகம் இதுதான். மற்ற இரண்டும் நின்ற பிறகும் குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் இதுதான். தொடக்கத்தில் 25 மி.கி. கேப்சூல், 21 நாட்கள் எடுத்து 7 நாட்கள் ஓய்வு; இந்த 28 நாட்களை ஒரு சைக்கிள் என்பார்கள். சிறுநீரகம் சரியாக இல்லாவிட்டால் அளவைக் குறைத்தே தருவார்கள். மைலோமாவே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் என்பதால், முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும். ஓய்வு நாட்களைத் தவறவிடாமல் இருக்கத் தினசரி காலண்டர் தாளிலேயே நான் எழுதி வைத்தேன். ஒரு வேளை மறந்து 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அன்றைய வேளையை விட்டுவிட வேண்டும், மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

இதன் வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெட்டியைத் தொடவே கை கூசும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்து, கருவுற்ற பெண்களின் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, கை கால் வளர்ச்சியற்ற குழந்தைகள் உலகெங்கும் 10,000 பேருக்கு மேல் பிறக்கக் காரணமாகி, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடின் வழித்தோன்றல் இது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி தர மறுத்துப் பெரும் கேட்டைத் தடுத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி. அதே தாலிடோமைடு பிறகு தொழுநோயின் ஒரு கடும் நிலைக்கு உதவுவது தெரியவந்தது. மற்ற சிகிச்சைகள் கைவிட்ட மைலோமா நோயாளிகளில் சிலருக்கு அது பலன் தந்ததை ஆர்கன்சாஸ் மருத்துவர்கள் 1999-இல் அறிவித்தார்கள். அதைத் திருத்தி உருவாக்கிய லெனாலிடோமைடு 2006-இல் அமெரிக்காவில் மைலோமாவுக்கு அனுமதி பெற்றது. கருவைக் குலைத்ததும் புற்றணுவைக் கொல்வதும் செரிப்ளான் என்ற ஒரே புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-லும், அதைத் தொடர்ந்து மற்றவர்கள் 2014-லும் விளக்கினார்கள்.

என் மாமியாரின் வயதில் கருவைப் பற்றிய எச்சரிக்கை தேவையில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைக்கக்கூடிய நிலையில், வீட்டில் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார். மாத்திரை எடுத்துக்கொடுக்கும் வேலை அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். கருவுற்றவர்களும், கருவுற்றிருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் இந்த அட்டையையோ கேப்சூலையோ தொடவே கூடாது. எடுத்துக்கொடுக்கும் மற்றவர்கள் கையுறை அணிவது நல்லது. கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கக் கூடாது. உடைந்து பொடி தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்தை எடுக்கும் ஆண்கள் ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளக் கூடாது, யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது. மீந்துபோன கேப்சூல்களைக் குப்பையில் போடாமல் வாங்கிய இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். இவ்வளவையும் மருந்துக் கடையில் ஒருவர் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் சில வாரங்களில் உச்சந்தலை அரிப்பும் உடம்பில் சிவந்த தடிப்பும் வந்தன. ஒவ்வாமைக்கான மாத்திரையில் அடங்கின. தோல் கொப்பளித்து உரிந்தாலோ வாய்க்குள் புண் வந்தாலோ கதை வேறு: மருந்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அணுக்கள் குறைவதுதான் இந்த மருந்தின் பொதுவான விளைவு. அது உடம்பில் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். அதனால்தான் முதல் இரண்டு சைக்கிள்களில் வாரந்தோறும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் 1,000-க்குக் கீழோ, தட்டணுக்கள் 30,000-க்குக் கீழோ போனால் மருந்தை நிறுத்திவைத்து, ஏறிய பிறகு தொடங்குவார்கள். ஒரு முறை மாமியாருக்கு அப்படி நிறுத்தினார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதாக அவர் கலங்கினார். நிறுத்தித் தொடங்குவது இந்த மருந்தின் நடைமுறையிலேயே உள்ளது, அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. எலும்புக்காகப் போடும் சோலெட்ரானிக் அமில ஊசிக்கு மறுநாளும் காய்ச்சல் வருவதுண்டு. அதனால் வந்ததா, கிருமியால் வந்ததா என்பதை முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை, நாமல்ல.

ரத்தக்கட்டு இந்த மருந்தின் அடுத்த அபாயம். ஸ்டெராய்டும் சேரும்போது அது கூடுகிறது. அதைத் தடுக்கவே 75 மி.கி. ஆஸ்பிரினோ, அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு வேறு ரத்த உறைவு தடுப்பு மருந்தோ தருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு நோயாளியின் வீட்டில், இது இதய மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, எனக்கு இதயத்தில் ஒன்றும் இல்லையே என்று அவர் தினமும் அதை மட்டும் ஒதுக்கிவைத்திருந்தார். சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே அது எந்த மருந்தின் தொல்லைக்குக் காவல் என்று எழுதிக்கொண்டால் இப்படி நேராது: ஆஸ்பிரின் லெனாலிடோமைடுக்கு, அசைக்ளோவிர் போர்டெசோமிப்புக்கு, நெஞ்செரிச்சல் மாத்திரை டெக்ஸாமெத்தசோனுக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே காட்ட வேண்டும். சென்னைக்கோ வேலூருக்கோ நீண்ட பயணம் போகிறவர்கள் வழியில் இறங்கி நடப்பது அவசியம்.

இரவில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுப்பது லெனாலிடோமைடுக்கே உரிய தொல்லை. நரம்புப் பாதிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எரியும், மரக்கும். இது சதையை முறுக்கும், சில நிமிடத்தில் விடும். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் அளவுகளைப் பார்த்து, குறைந்திருந்தால் ஈடுசெய்வார்கள். நிறையத் தண்ணீர் குடிப்பதும் படுக்கும் முன் காலை நீட்டி மடக்குவதும் மாமியாருக்கு ஓரளவு உதவின.

நான் நின்று எழுத விரும்புவது வயிற்றுப்போக்கைப் பற்றி. போர்டெசோமிப் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் மாமியாருக்கு மலச்சிக்கல்தான் இருந்தது. அதற்கு மலமிளக்கி கொடுத்துப் பழகியிருந்தோம். ஊசி நின்று, கேப்சூல் மட்டும் தொடர்ந்த காலத்தில் நிலைமை தலைகீழானது. சாப்பிட்டு எழுந்ததும் அவசரம், கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பயம். வெளியூர் போவதை நிறுத்தினார், பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார். தொற்று இல்லை என்று பரிசோதனை சொன்னது. தண்ணீர் சரியில்லை, பால் ஒத்துக்கொள்ளவில்லை, எண்ணெய் மாறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மருந்தைத் தொடங்கி இவ்வளவு மாதம் கழித்து வருவதால் யாருக்கும் கேப்சூல் மீது சந்தேகமே வரவில்லை. லெனாலிடோமைடின் வயிற்றுப்போக்கு தாமதமாகத்தான் தலைகாட்டும் என்பதே இதில் உள்ள வஞ்சகம்.

காரணம் இதுதான். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி மீண்டும் உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்ப வேண்டும். இந்த மருந்தை நெடுநாள் எடுக்கும் பலரிடம் அந்த உறிஞ்சல் சரியாக நடப்பதில்லை. மீந்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிந்து, அங்கே நீரை இழுத்துக் கழிச்சலாக்குகிறது. ஆகவே முதல் மாற்று கொழுப்பைக் குறைப்பது. தேங்காய் அரைத்த குழம்பு, வடை, பூரி, நெய் எல்லாம் நின்றன. இட்லி, ரசம், மோர்ச்சாறு, கூட்டில் தேங்காயில்லாத காய் என்று மாற்றியபோதே பாதி அடங்கியது. மீதிக்கு, பித்த அமிலத்தைக் குடலிலேயே கட்டிப்போடும் கொலஸ்டிரமின் பொடியை மருத்துவர் எழுதித்தந்தார். கொலிசெவிலாம் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். இரண்டும் கொலஸ்ட்ராலுக்காக விற்கப்படும் மருந்துகள் என்பதால் கடையில் வியப்போடு பார்ப்பார்கள், விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள். அந்தப் பொடி மற்ற மாத்திரைகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். அதனால் மற்றவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். லோபராமைடு அவசரத்துக்கு உதவும், காரணத்தைத் தீர்க்காது. மாமியார் இப்போது மதியம் சாப்பிடுகிறார், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகிறார். இந்த ஒரு தொல்லைக்குச் சரியான பெயர் சொல்லப்பட்டிருந்தால் அத்தனை மாதங்கள் அவர் அறைக்குள் கிடந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சிகிச்சையில் எனக்கு இன்னும் ஆறாத குறை.

சோர்வு மூன்று மருந்துக்கும் பொதுவானது என்று எழுதியிருப்பார்கள். அது உண்மைதான், பயனில்லாத உண்மை. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்து போனால் ஸ்டெராய்டு, படியேறினால் மூச்சு வாங்கினால் ரத்தசோகை, குளிர் தாங்காமல் எடை கூடிக்கொண்டே சோர்வு வந்தால் தைராய்டு என்று தோராயமாகப் பிரிக்கலாம். லெனாலிடோமைடு தைராய்டைக் குறைப்பது உண்டு, ஒரு டி.எஸ்.எச். பரிசோதனை அதைக் காட்டிவிடும், தினமும் ஒரு சிறிய மாத்திரை சரிசெய்துவிடும். நோயின் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் தாங்கி இதைத் தொடர வேண்டுமா என்று பராமரிப்புக் கட்டத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு குறைந்த அளவில் லெனாலிடோமைடைத் தொடர்ந்தவர்களையும் தொடராதவர்களையும் பற்றிய மூன்று பெரிய சோதனைகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் தொடர்ந்தவர்களில் 62 சதவீதம், தொடராதவர்களில் 50 சதவீதம். தொடர்ந்தவர்களிடம் வேறொரு புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததும் அதே ஆய்வுகளில் தெரிந்தது. இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தால் தொடர்வதன் பக்கமே தாழ்கிறது என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. என் கருத்தும் அதுவே. ஆனால் அளவைக் குறைத்தால் வாழ முடியும் என்ற நிலையில் முழு அளவை வீம்புக்குத் தாங்குவதை நான் ஏற்கவில்லை. குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர், முழு அளவு தாளாமல் பாதியில் நிறுத்துபவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

விலையைப் பொறுத்தவரை நாம் அமெரிக்கர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். அங்கே லெனாலிடோமைடை ரெவ்லிமிட் என்ற பெயரில் விற்ற நிறுவனம் ஒரு கேப்சூலின் விலையை 215 டாலரிலிருந்து 719 டாலர் வரை உயர்த்தியதாக அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று 2020-இல் கண்டறிந்தது. இந்தியாவில் பல நிறுவனங்கள் இதையே தயாரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-லும், இந்திய அரசு 2022 செப்டம்பரிலும் இதைத் தங்கள் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தன. ஆனாலும் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடைகள் தரும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. மருத்துவமனைக்கு உள்ளே இருந்த கடையில் அச்சிட்ட விலையே கேட்டார்கள். அதே மூலப்பெயரை எழுதிக் காட்டியபோது ஊரில் இருந்த கடையில் அதில் பாதிக்கும் குறைவாகத் தந்தார்கள். வாங்கும்போது மில்லிகிராமையும் காலாவதி நாளையும் பாருங்கள், 25-க்குப் பதில் 10 வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காமல் மாற்றி வாங்குங்கள். ஒரு சைக்கிளுக்கு 21 கேப்சூலுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு மாறினால் மிச்சம் வீணாகும், பிரித்த அட்டையைத் திரும்ப எடுக்கும் கடைகள் குறைவு.